காதைச் சொறியும் நாய்

1

போன வாரம் எதுத்த வீட்டு அம்மா கதவைத் தட்டி, "உங்க நாய் எங்க, காணோமே?" என்று கேட்டார்கள்.

நகோயாவில் நாங்கள் இருப்பது அடுக்குமாடி. எங்கள் வீட்டில் நாய் கிடையாது, இருந்ததும் கிடையாது. அவர்கள் கேட்டது சுவரில் தொங்கிய படத்தை. கதவைத் திறந்தால் நேராகத் தெரிகிற இடத்தில் மாட்டியிருந்தேன். குப்பை போடப் போகும்போதெல்லாம் அந்த நாய்க்கு ஒரு காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போகிற அம்மா அவர்கள்.

"ஊருக்குப் போயிருச்சு" என்றேன்.

"எப்ப திரும்பும்?"

"திரும்பாது. மதுரைப் பக்கம் வீடு பாத்துக் குடியேறிருச்சு."

அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதுரையிலிருந்து ஜப்பானுக்கு வந்து குடியேறியவள் நான். ஜப்பானிலிருந்து மதுரைக்குப் போய்க் குடியேறியது அந்த நாய். அது போன கதையை நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

2

இந்தக் கட்டடத்தில் நாய், பூனை வளர்க்கக் கூடாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என் மகள் மீனா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நாய் வேண்டும் என்று தரையில் உருண்டு அழுதாள். மீனா என்கிற பேரே மதுரைக்கும் பொருந்தணும், ஜப்பான்காரர் வாயிலும் நுழையணும் என்று தேடிப் பிடித்து வைத்தது. பேர் இரண்டு ஊருக்கும் பொருந்தியது, பிள்ளைதான் ஒரே ஊரோடு ஒட்டிக்கொண்டது. சரி, அதைப் பேசினால் பேசிக்கொண்டே இருப்பேன்.

அந்த அழுகையை அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"இங்க நாய் வளக்க விட மாட்டாங்கப்பா."

அப்பா கேட்டார்: "ஆண் நாய் மட்டுமா, பொட்ட நாயுமா?"

"இதென்ன கேள்வி? எல்லா நாயும்தான்."

"எல்லாருக்குமா?"

"கம்பெனி முதலாளி வந்து குடியிருந்தாலும் கூடாதுதான்."

"அப்பச் சரி" என்றார். "அப்ப நல்ல ஊருதேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அவர் குரல் கொடுத்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியவன்கூட இறங்கி வருவான். அப்படிப்பட்ட மனுசன் அன்றைக்கு முணுமுணுத்தார். நான் நோண்டி நோண்டிக் கேட்டதும்தான் கதை வந்தது.

எங்கள் ஊர் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே. பேர் வேண்டாம். மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள், எங்கள் தெருவில் அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். எங்கள் தெருக்காரர் யாரும் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. பொட்ட நாய் வளர்த்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை. ஏன் என்றால், எங்கள் தெரு ஆண் நாய் மேலத்தெருப் பொட்ட நாயிடம் போய்விடக் கூடாதாம். தூ! நாய்க்கும் சாதி பார்த்த புண்ணியவான்கள்.

மீசை அரும்புகிற வயதில் அப்பா ஒரு ஆண் குட்டியை ஒளித்து வளர்த்திருக்கிறார். குட்டியை ஒளிக்கலாம், வளர்ந்த நாயை எங்கே ஒளிப்பது? ஒருநாள் நாலு பேர் வந்து அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு போய்க் கம்மாய்க் கரையில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். என் தாத்தாவைக் காலில் விழவும் வைத்திருக்கிறார்கள். மறுநாள் அப்பா ஊரைவிட்டுக் கிளம்பி, ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் டம்ளர் கழுவச் சேர்ந்தவர்தான். அதற்குப் பிறகு அவர் எந்த நாயையும் தொட்டதில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்ட? கையிலிருந்த போனைத்தான் சோபாவில் எறிந்தேன்.

மீனா பெரியவள் ஆன பிறகு அவளுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். "அது சட்டமா?" என்றாள். சட்டம் இல்லை. "எங்க எழுதியிருந்தது?" எங்கேயும் இல்லை. "எழுதாம எப்படி எல்லாருக்கும் தெரியும்?" எந்தக் குப்பையை எந்தக் கிழமை போடணும் என்று தாள் அடித்துக் கொடுக்கிற ஊரில் வளர்ந்த பிள்ளை. நான் வேலை பார்ப்பது உதிரி பாகங்களின் தரம் பார்க்கிற இடத்தில். ஒரு திருகாணி சரியில்லை என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிற அளவுக்கு எனக்கு ஜப்பானிய மொழி வரும். இதைச் சொல்ல வரவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழிலும் சொல்ல முடியவில்லை. "விடும்மா, அப்புறம் பேசுவோம்" என்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

3

எங்கள் பகுதியில் ஒரு கோயில் மைதானத்தில் மாதம் ஒருமுறை பழைய சாமான் சந்தை கூடும். பீங்கான், பட்டுத் துணி, துருப்பிடித்த கத்தி, எல்லாம் கிடக்கும். மீனாவும் நானும் சேர்ந்து போகிற ஒரே இடம் அது. போன வசந்த காலத்தில் ஒரு கடைக்காரர் மரப்பெட்டியிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார்.

கறுப்பு மையில் ஒரு நாய். உட்கார்ந்து பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிகிறது. அம்புட்டுதான். மரம் இல்லை, நிலா இல்லை, வீடு இல்லை, சுற்றிலும் வெறும் காகிதம். முதுகு தூரிகையின் ஒரே இழுப்பு. சொறிகிற சுகத்தில் கண் இரண்டும் மூடியிருக்கிறது. விலா எலும்பு தெரிகிற உடம்பு, நம்ம ஊர்த் தெருநாய் தோற்றுவிடும். காலைத் தூக்கினால் தெரிய வேண்டியது தெரியுமா இல்லையா? அந்த ஓவியர் அதையும் விடவில்லை. இரண்டு சொட்டு மை வைத்துக் காட்டிவிட்டார். நான் அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்த ஊரில் பொது இடத்தில் அப்படிச் சிரித்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

"இவர் ஆண்மகனா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். மனுசருக்குச் சொல்கிற வார்த்தையை நாய்க்குச் சொல்லிவிட்டேன். மீனா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரியாதையாகக் குனிந்து, "மிகவும் தெளிவாக" என்றார்.

வாள் கட்டிக்கொண்டு ஆட்கள் நடமாடிய காலத்துப் படம், வரைந்தவர் யார் என்று தெரியாது, மூலையில் ஒரு சிவப்பு முத்திரை மட்டும் இருக்கிறது, அதையும் படிக்க முடியவில்லை என்று அவர் சொன்னார். பெரும்பாலும் கொழுகொழுவென்று குட்டிகளைத்தான் வரைவார்களாம். வளர்ந்த நாயை, அதுவும் இந்தக் கோலத்தில், அவரும் அதிகம் பார்த்ததில்லையாம். விலையைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கு வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

4

அப்பா ஊரில் வீடு கட்டி முடித்து, "பால் காச்ச வந்துரு" என்று கூப்பிட்டதும் நான் முடிவு பண்ணிவிட்டேன். இந்தப் படம் அந்த வீட்டுக்குத்தான்.

அதற்கு ஒரு தாள் வேண்டும் என்றார்கள். பழைய ஓவியத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதானால், அது தேசத்தின் பொக்கிஷம் இல்லை என்று சான்று வாங்க வேண்டுமாம். போட்டோ எடு, அளவு எழுது, என்ன வரைந்திருக்கிறது என்று குறிப்பிடு. "நாய், காதைச் சொறிகிறது" என்று எழுதி அனுப்பினேன். கொஞ்ச நாளில் பதில் வந்தது. நாட்டுக்கு முக்கியமான பொருள் இல்லையாம், தாராளமாகக் கொண்டுபோகலாமாம்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். என்ன படம் என்று சொல்லவில்லை, பழைய ஜப்பான் படம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். "அவங்களுக்கு வேணாம்னா போகுது, நமக்கு முக்கியம், நீ எடுத்துட்டு வா" என்றார்.

நம்ம ஊர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேசை மேல் விரித்தேன்.

"என்னம்மா இது?"

"நாய் சார்."

"அது தெரியுது. யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு."

அந்த அதிகாரி குனிந்து பார்த்தார். அந்த இரண்டு சொட்டு மையிடம் வந்ததும் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "சுருட்டிக்கங்கம்மா, சுருட்டிக்கங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டே வந்தார். முகத்தைப் பார்த்தார், தூக்கிய காலைப் பார்த்தார். "ஏய்... ஆணு!" என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார் பாருங்கள், பக்கத்து வீட்டில் கட்டிப் போட்டிருந்த மாடு மிரண்டுவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஹால்ல மாட்டு ஆத்தா. வாசல்ல நுழைஞ்சதும் மூஞ்சியில அடிக்கிற மாதிரி மாட்டு."

5

என் தம்பி செல்வம் தல்லாகுளத்தில் இருந்துகொண்டு கோர்ட்டுக்குப் போய்வருகிற வக்கீல். ஊருக்கெல்லாம் வழக்கு நடத்துகிறவன், சொந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்கப் பயந்தான்.

"அக்கா, வம்பை விலைக்கு வாங்காத. மேலத்தெருவுல பாதிப் பேரு என் கட்சிக்காரங்க. நாளைக்கு எல்லாரும் வாரேன்னு சொல்லியிருக்காங்க. இதைப் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைக்கணுமோ அதை நினைப்பாங்க."

"பால் காச்சுற வீட்டுல வெங்கடாசலபதி படத்தை மாட்டுவாங்களா, நாய் படத்தை மாட்டுவாங்களா?"

"ஏன்டா, நாய்னா உனக்கு அம்புட்டு எளக்காரமா?"

"நாயைச் சொல்லலைக்கா. ஆண் நாயைச் சொல்றேன்."

அவன் பயத்தையும் நான் குறை சொல்ல முடியாது. மேலத்தெருக்காரர்கள் இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார்கள்தான். வந்து, பந்தலுக்குக் கீழே நின்று, மூடி திறக்காத ஜூஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு, வேலை இருக்கிறது என்று போய்விடுவார்கள். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து, எங்கள் இலையில் கை வைத்தவர் ஒருத்தர் இல்லை.

அப்பாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. "உள்ள வரணும், உக்காரணும், சாப்பிடணும். இவன் பாத்துக்கிட்டு இருக்கச் சாப்பிடணும்" என்று படத்தைக் காட்டிச் சொன்னார். அதற்காகத்தான் மேலத்தெருவும் எங்கள் தெருவும் பிரிகிற முக்கில் இடம் வாங்கி வீடு கட்டியிருக்கிறார். வேறு எங்கேயாவது கட்டுப்பா என்று நாங்கள் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மேலத்தெரு முத்தையாவுக்கு அவரே நேரில் போய்ப் பத்திரிகை வைத்தார். அன்றைக்குக் கயிறு பிடித்த நாலு பேரில் இன்னும் உயிரோடு இருப்பது அந்த முத்தையா மட்டும்தான். அப்பா வயதுதான்.

"வருவாராப்பா?" என்று கேட்டேன்.

"பத்திரிகையை வாங்கிக்கிட்டான். வாயத் தொறக்கல" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

6

விடியக்காலையில் பால் பொங்கியது. நான் சேலை மாற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தால், படத்தின் மேல் இந்தத் தண்டிக்கு ஒரு சம்பங்கி மாலை. தம்பியின் வேலை. நாயின் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. தூக்கிய காலும் இல்லை, மற்றதும் இல்லை. கண்ணை மூடிய முகம் மட்டும் மாலைக்கு மேலே இருந்தது.

"அட கிறுக்கா! பழைய பேப்பர்டா, ஈரம் பட்டா என்னத்துக்கு ஆகும்!"

"ஈரத்தை உதறித் துடைச்சுட்டுத்தான் போட்டேன்க்கா. உன் நாயும் இருக்கட்டும், என் மானமும் இருக்கட்டும்."

மாலையை எடுக்கக் கையை நீட்டினேன். அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது. மேலத்தெருக்காரர்கள்தான், பத்துப் பதினைந்து பேர், வழக்கம்போலப் பந்தலோடு நின்றுகொண்டார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல்படியில் நின்று ஆரம்பித்தார்: "உள்ள வாங்க, உள்ள வாங்க, முன்னாடி இடம் கிடக்கு, வாசல்ல நிக்காதீங்க, வழியை விட்டு உள்ள வாங்க!" அந்தக் குரலுக்குப் பயந்து கால்கள் தானாக நகர்ந்தன. ஒரு அம்மா வாசல்படி வரைக்கும் வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அட, பைரவரு!" என்றாள்.

அவ்வளவுதான். செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து, படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாலையைப் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் நம்ம ஆட்கள் என்ன ஏது என்று கேட்பார்களா? பின்னாலேயே இன்னொரு அம்மா. அவள் புருசன். அவருக்குப் பின்னால் பந்தலில் நின்றவர்கள் எல்லாரும். சாமி இருக்கிற வீட்டுக்குள் போகாமல் வெளியே நின்றால் குத்தமாகிவிடும் இல்லையா! எங்கள் தெருவில் ஆண் நாயே கூடாது என்ற மேலத்தெரு, எங்கள் வீட்டு ஹாலில் வரிசையாக நின்று ஆண் நாயைக் கும்பிட்டது.

தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

"அம்மா, ஏன் நாயைக் கும்பிடுறாங்க?" என்று மீனா காதில் கேட்டாள்.

"சும்மா இருடி. அப்புறம் சொல்றேன்."

அப்போதுதான் முத்தையா வந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாகப் படியேறினார். ஆட்கள் வழிவிட்டார்கள். எல்லாரும் கும்பிடுவதைப் பார்த்து அவரும் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பா அவருக்குப் பக்கத்தில் போனார். அப்பா இரண்டு கையாலும் மாலையைத் தூக்கி ஆணியிலிருந்து எடுத்தார்.

"அண்ணே, கண்ணைத் தொறங்க. மாலை மறைச்சிருச்சு. இப்ப நல்லாப் பாருங்க."

முத்தையா வீட்டு ஆட்களை எங்கள் தெருக்காரர்கள் ஒரு காலத்தில் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணே என்று அப்பா கூப்பிட்டது ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. முத்தையா கண்ணைத் திறந்தார். எல்லாரும் பார்த்தார்கள். பின்னால் யாரோ ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

"ஆணா?" என்றார் முத்தையா.

"ஆணுதேண்ணே."

"வீட்டுக்கு வரச் சொல்லி அவமானப்படுத்துறாங்கப்பா" என்று ஒருத்தர் செருப்பைத் தேடினார். அவரோடு இன்னும் இரண்டு பேர் கிளம்பினார்கள். தம்பி அவர்கள் பின்னால் ஓடப் பார்த்தான். அப்பா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "போறவங்க போகட்டும்டா."

முத்தையா போகவில்லை. கும்பிட்ட கையை இன்னும் பிரிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"அதுக்குப் பேரு துரைதான?"

அந்தப் பேரை நாங்கள் கேட்டதே இல்லை. அத்தனை வருசத்தில் அப்பா எங்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"எங்கப்பன் இழுன்னாரு, இழுத்தேன்" என்றார் முத்தையா. "துரை, துரைன்னு கம்மாய் வரைக்கும் நீ பின்னாடியே கத்திக்கிட்டு வந்த. அந்தச் சத்தம் இன்னும் கேக்குது."

அப்பா படத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"துரைதேன். ஆண் நாய்தேன். எங்க நாய்தேன்" என்றார். "இலை போட்டாச்சு. வாங்க, உக்காருங்க."

முத்தையா மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. படத்துக்கு எதிரே போட்டிருந்த முதல் பந்தியில் முத்தையா உட்கார்ந்தார். அப்பா பரிமாறப் போகவில்லை. இன்றைக்கு நான் பரிமாற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்தார். அதைப் பார்த்துவிட்டு நின்றவர்களும் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். முத்தையா இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். நான்தான் ஊற்றினேன். அவர் வேட்டியில் கொஞ்சம் சிந்திவிட்டேன். "பரவால்ல தாயி" என்றார்.

என் அப்பா ஜெயித்துவிட்டார். நான் படித்ததற்கும் கடல் தாண்டிப் போனதற்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த சந்தோசம் அந்த ஒரு பந்திதான்.

எல்லாரும் போன பிறகு செல்வம் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, இதைத் திரும்பப் போட்டுரவா?"

அப்பா நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போடா அங்கிட்டு" என்றார். "மாலை போட அவன் என்ன செத்தா போயிட்டான்?"